இடப்பக்கம் அஞ்சலை வீடு

இடப்பக்கம் கிளியனூர், வலப்பக்கம் மண்டகப்பட்டு. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு.

திண்டிவனத்தில் எங்கள் கம்ப்யூட்டர் அறையில், அந்தக் கோட்டின் முன்னால் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். செருப்பெல்லாம் வெளியே. மண்டகப்பட்டு சம்பந்தியம்மா கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கொஞ்சம் கதம்பம். மாப்பிள்ளை ஏழுமலை கதவோரம் நின்று தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான்.

"ராகுகாலம் போயிடுச்சா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"போயிடுச்சிங்க" என்றேன். அந்த மிஷினிடம் கேட்டால் ராகுகாலத்தைச் சொல்லிவிடும் என்றாலும், நான் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னேன். பழக்கம்.

திரையின் இடப்பக்கத்தில் 'பெருமாள்' வீடு திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான். அமுதா. வலப்பக்கத்தில் 'கோவிந்தன்' வீடு. அதில் ஏழுமலையும் அவன் அண்ணன் தம்பிகளும் வரிசையாக இருந்தார்கள். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் அமுதா இடப்பக்கத்திலிருந்து கிளம்பி வலப்பக்கம் போய்விடுவாள். அதைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

"அமுத்தட்டுமாம்மா?" என்று அமுதாவின் அம்மா அஞ்சலையிடம் கேட்டேன்.

"ஒரு நிமிசம் இரு கண்ணு."

அஞ்சலை முன்னால் வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன விரலை, மகளின் பெயருக்குக் கீழே கண்ணாடியில் வைத்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் காட்டிய வரியை ஞாபகம் வைத்திருந்தார். அந்தக் காலத்துத் திரையில் கை வைத்தால் மெல்லிய மின்சாரம் சுருக்கென்று மயிர்க்கால்களை இழுக்கும். அவர் கையை எடுக்கவில்லை.

"சரி, கூட்டிக்கினு போவட்டும்" என்றார்.

அழுத்தினேன். இடப்பக்கத்தில் பெயர் இல்லை. வலப்பக்கத்தில், ஏழுமலைக்கு மேலே, அகர வரிசைப்படி, அமுதா வந்து உட்கார்ந்தாள். "வந்துடுச்சி பாரு" என்று மண்டகப்பட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அஞ்சலை வலப்பக்கம் பார்க்கவே இல்லை.

"அங்க இன்னும் ரெண்டு புள்ளி இருக்குதே, அது இன்னாம்மா?"

எல்லா வீட்டிலும் முதல் வரியில் இரண்டு புள்ளி இருக்கும். அதன் வழியாக வெளியே போனால் மேலே ஊருக்குப் போகலாம். "அது வூட்டு வாசல்மா. ஆளு இல்லன்னாலும் வாசல் இருக்கும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ பெண்களை இப்படி அனுப்பியவள்தான் நான், ஆனாலும் அன்றைக்குத் தாங்கவில்லை.

ஜாதகம் சொன்ன மிஷின்

இந்தக் கூத்தெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

எண்பதுகளின் பிற்பாதி. நான் விழுப்புரத்திலிருந்து தினம் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போய் ஸ்டெல்லா டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாட்டை சீசனில் விக்கிரவாண்டியில் மூட்டைகள் ஏறும். அதன்பிறகு கால் வைக்க இடமிருக்காது, பெட்டி முழுக்கப் பச்சை மல்லாட்டையின் மண்வாசம். யாராவது ஒரு புண்ணியவதி மடியிலிருந்து ஒரு கை எடுத்துக் கொடுப்பார். மயிலம் வந்ததும் முருகனுக்கு ஒரு கும்பிடு. திண்டிவனம் வருவதற்குள் காலடியில் தோல் சேர்ந்திருக்கும்.

டீச்சர் அந்த வட்டாரத்திலேயே முதல் ஆளாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று கணக்கு. பிள்ளைகள் ஆடிக்கு ஒருதரம் அமாவாசைக்கு ஒருதரம் எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் பாண்டிச்சேரியிலிருந்து மிஷினைக் கொண்டுவந்து மாட்டியவர், ஜாதகம் கணிக்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டார்.

டீச்சர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். "எனக்கு சேசு இருக்காரு, அவங்களுக்கு சனீஸ்வரன் இருக்காரு. நம்ப மிஷினுக்கு கரண்டு இருந்தா போதும், போடுங்க" என்றார்.

போட்டதுதான் தாமதம், கூட்டம் அள்ளியது. கையால் கணித்த ஜாதகத்தைவிடக் கம்ப்யூட்டர் கணித்த ஜாதகத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் மரியாதை அதிகம். அதில் இருக்கிற செவ்வாய் தோஷம் கூடக் கொஞ்சம் சுத்தமான தோஷம் என்பதுபோல் நினைத்தார்கள். பொருத்தம் பார்க்க வசதியாக இருக்கும் என்று ஜாதகத்தை எங்கள் மிஷினிலேயே விட்டு வைப்பார்கள். அப்படிச் சேர்ந்ததை அடுக்கி வைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. குருவி தலையில் பனங்காய்.

ஒரே குவியலில் செல்விகள்

முதலில் நான் அடுக்கவே இல்லை. வந்ததையெல்லாம் ஒரே இடத்தில் போட்டேன். ஒரு செல்வி வந்தாள். இன்னொரு செல்வி வந்தாள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க மிஷின் சம்மதிக்காது. ஆகவே செல்வி ஒன்று, செல்வி இரண்டு என்று வைத்தேன். மாதம் ஒன்று போனதும் எந்தச் செல்வி எந்த ஊர் என்று எனக்கும் தெரியவில்லை, மிஷினுக்கும் தெரியவில்லை. பனமலைச் செல்விக்குப் பார்க்க வேண்டிய பொருத்தத்தைக் கிளியனூர்ச் செல்விக்குப் பார்த்து, "அமோகமா இருக்குதுங்க" என்று வேறு சொல்லிவிட்டேன். நல்லவேளை, தாலி ஏறுவதற்கு முன்னால் கண்டுபிடித்தார்கள்.

பாண்டிச்சேரிக்காரர் வந்து, திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிற ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்குப் பிள்ளைகள் ஃபோல்டர் என்று சொல்வதை அன்றைக்கு நாங்கள் டைரக்டரி என்போம். "இது ஒரு மரம்மா. வேரு மேல இருக்கும், கிளை கீழ வரும்" என்று விளக்கினார். எந்த ஊரில் மரம் தலைகீழாக வளர்கிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. புரிந்ததாகத் தலையாட்டி அவரை பஸ் ஏற்றி அனுப்பினேன்.

புரிந்தது பத்திரிகை வைக்கப் போன இடத்தில். சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பனமலைப் பக்கம் பத்திரிகை கொடுக்க சித்தப்பாவோடு நானும் போயிருந்தேன். மஞ்சள் பைக்குள் ஊருக்கு ஒரு கட்டு. கட்டுக்குள் வீட்டுக்கு ஒரு கவர். பனமலை ஏரிக்கரையில் இறங்கியதும் சித்தப்பா அந்த ஊர்க் கட்டை மட்டும் வெளியே எடுத்தார். மற்ற ஊர்க் கட்டுகளைத் தொடவில்லை. அந்த ஊர் வேலை முடிந்ததும் பைக்குத் திரும்பி அடுத்த கட்டு.

அட, இதுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே போனால் அந்த ஊர்தான் கண்ணுக்குத் தெரியும். வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றால் வெளியே வந்துதான் போக வேண்டும். மலையில் ஏறிக் கோயிலைப் பார்த்ததைவிட அன்றைக்கு இது பெரிய தரிசனம்.

மறுநாளே உட்கார்ந்து அடுக்கினேன். ஊருக்கு ஒரு டைரக்டரி, அதற்குள் தெருவுக்கு ஒன்று, அதற்குள் வீட்டுக்கு ஒன்று, வீட்டுக்குள் ஆட்கள். டீச்சர் பார்த்துவிட்டு, "தெருவ எடுத்துடு வசந்தா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தெருவைச் சொன்னால் ஆளின் சாதியைச் சொன்ன மாதிரி. "எந்தத் தெருன்னு போடலியா?" என்று கேட்டு வந்தவர்களிடம் எல்லாம், "மிஷின்ல அவ்ளோ எடம் இல்லீங்க" என்று டீச்சர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்வார்.

இடம் இல்லாதது பெயர்களுக்குத்தான். எட்டு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் அந்த மிஷின் வாங்காது. விழுப்புரம், திண்டிவனம், மண்டகப்பட்டு எல்லாம் வால் அறுந்து நின்றன. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். என் பெயர் வால் அறுந்த விழுப்புரத்தில் என் அப்பா வீட்டில் நகராமல் உட்கார்ந்திருந்தது. "உன்ன எப்பம்மா அந்தப் பக்கம் தள்ளுறது?" என்று டீச்சர் கேலி செய்வார்.

பெண் அழைத்துப் போகிற சடங்கு

கல்யாணம் நிச்சயமானால் பெண்ணின் ஜாதகத்தை மாப்பிள்ளை வீட்டு டைரக்டரிக்கு நகர்த்திவிடுவோம். யாரும் உத்தரவு போடவில்லை. அதுதான் முறை என்று எங்களுக்கே தோன்றியது. கல்யாணமான பெண் வேறு எங்கே இருப்பாள்?

ஒருநாள் நான் அப்படி நகர்த்துவதை ஒரு பெண்ணின் பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார். "இந்தாம்மா, எங்க பொண்ண எங்க அனுப்பிச்சிட்ட?" என்றார். சொன்னேன். அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து இன்னொரு குடும்பம், "எங்க பொண்ணு போறதையும் நாங்க பாக்கணும்" என்று வந்து நின்றது. அதற்கடுத்து வந்தவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். சில மாதத்தில் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நிச்சயதார்த்தம் முடிந்தால் திண்டிவனம் வந்து கம்ப்யூட்டரில் பெண் அழைத்துப் போக வேண்டும். நாங்கள் சிரித்துக்கொண்டே செய்தோம். ஆனால் சிரிக்காமல் செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம்.

கோபப்பட ஒன்றும் இல்லை. மிஷின் வந்த ஊரில் மனுஷர்கள் அதற்குள் தங்கள் வீட்டு வழக்கத்தைக் கொண்டுபோய் வைப்பார்கள். அம்மாக்கள் அழுவார்கள். நான் கர்ச்சீப்பை எடுத்து மேஜை மேல் தயாராக வைத்திருப்பேன்.

காலி வீடு எதற்கு

அமுதா போன சில மாதத்தில் மிஷினில் நிஜமாகவே இடம் போதவில்லை. பாண்டிச்சேரிக்காரர் வந்து தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்துப் போட்டார். ஒழித்துக்கொண்டே வந்தவர், உள்ளே ஒன்றும் இல்லாத டைரக்டரிகளையும் ஒவ்வொன்றாக நீக்கினார்.

"அது வீடுங்க" என்றேன்.

"காலியாதானேம்மா இருக்குது. ஆளில்லாத வீட்ட வெச்சிக்கினு என்னா பண்ணப் போற? லிஸ்டு நீளமா வருது, பேஜாரு" என்றார்.

அவர் சொன்னது தொழில்படி சரி. ஒற்றைப் பெண்ணை வைத்திருந்த வீடுகள் எல்லாம் போயின. கிளியனூரில் பெருமாள் வீடும் போனது. அமுதாவின் அப்பா பெருமாள் செத்து வெகுநாள் ஆயிற்று. அஞ்சலைக்கு ஜாதகம் கிடையாது. ஆகவே அந்த வீட்டில் இருக்க மிஷினின் கணக்கில் ஒருவரும் இல்லை.

இடுப்பு ஒடிந்த அஞ்சலை

அடுத்த மல்லாட்டை சீசன். மத்தியான நேரம். மாடிப்படியில் தட் தட் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் அஞ்சலை, ஒரு கையில் தடி, மறுபக்கம் அமுதா தாங்கிப் பிடித்திருக்க, ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார். பாதி மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

வயலில் வரப்பு வழுக்கி இடுப்புக்குக் கீழே எலும்பு ஒடிந்திருந்தது. கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் தண்ணீர் தூக்க முடியாது, குனிந்து அடுப்பு ஊத முடியாது. கூலி வேலை என்பது இனி இல்லை. விழுந்த சேதி கேட்டதும் அமுதா மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தவள். ஒரு வாரம் என்று வந்தது, மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. வரச் சொல்லி மண்டகப்பட்டிலிருந்து ஆள் மேல் ஆள்.

"அவங்க தப்பானவங்க இல்லக்கா" என்றாள் அமுதா. "அவுரும் தங்கமானவருதான். ஆனா எங்க அம்மாவ இப்பிடி வுட்டுட்டு எப்படிப் போறது? அத்தைகிட்ட கேட்டா, எங்க வூட்டுக்குன்னு வந்த பொண்ணு நீ, கம்ப்யூட்டருலயே இங்கதான உம்பேரு இருக்குது, ஏழெட்டுப் பேரு நின்னு பாத்தோமேன்னு சொல்றாங்க. அங்க உனக்கு இன்னா இருக்குதுன்னு கேக்கறாங்க."

அஞ்சலை நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"எம் பொண்ணத் திருப்பிக் கூட்டியாந்துடு கண்ணு. நீதான அனுப்பிச்ச? அங்க இருந்து இங்க வெச்சிடு. கம்ப்யூட்டருல இங்கதான் இருக்குதுன்னு நான் அவங்ககிட்ட சொல்லிக்கறேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஜாதகம் தேடிக் கண்டெடுக்க வசதியாக நான் போட்டுவைத்த ஒரு வரிசை, ஒரு பெண்ணைக் கட்டிப்போடுகிற கயிறாகிவிட்டதே.

டீச்சர் உள்ளேயிருந்து வந்தார். "அம்மா, இங்க பாருங்க. இது சட்டம் இல்ல, சர்க்காரு இல்ல. சும்மா எடுக்கறதுக்குத் தோதா அடுக்கி வெச்சிருக்கோம், அவ்ளோதான். இதுல எங்க இருந்தாலும் உங்க பொண்ணு உங்க பொண்ணுதான்."

"அடுக்கி வெச்சது நீங்கதானம்மா?" என்றார் அஞ்சலை.

"ஆமா."

"அப்ப மாத்தி அடுக்குங்க."

நான் திரையைத் திறந்தேன். வலப்பக்கம் மண்டகப்பட்டு, கோவிந்தன் வீடு, அமுதா. இடப்பக்கம் கிளியனூருக்குள் போனேன். அங்கே பெருமாள் வீடு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாண்டிச்சேரிக்காரர் ஒழித்தது நினைவுக்கு வந்தது. அதை அஞ்சலையிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுகொண்டார்.

"வாசல் இருக்கும்னு சொன்னியே" என்றார்.

"மறுபடி கட்டிடலாம்மா. ஒரு பொத்தான்தான்" என்றேன் அவசரமாக.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். அந்த மிஷினில் வீடு கட்டுவது சுலபம். பொத்தானை அழுத்தினால், என்ன பெயர் என்று கேட்கும். கேட்டது. நான் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன்.

"பெருமாள்னே போடட்டுமாம்மா?"

அவர் யோசித்தார். "அவரு போயி எத்தினி வருசமாச்சி. இடுப்பு ஒடிஞ்சி கெடக்கறவ நான்தான? எம்பேரப் போடு."

அதுவரை அந்த மிஷினில் எந்த ஊரிலும் பெண் பெயரில் ஒரு வீடு இருந்ததில்லை. அஞ்சலை என்று அடித்தேன்.

ஒடம்பு ஒண்ணுதானே

அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. நகர்த்துவதற்கு ஒரு பொத்தான் என்றால், அதற்குப் பக்கத்திலேயே நகல் எடுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஜாதகம் அங்கேயும் இருக்கும், இங்கேயும் இருக்கும். யாருக்கும் சண்டை இல்லை. பெருமையாக அமுதாவிடம் சொன்னேன்.

"ரெண்டு வூட்லயும் உம்பேரு இருக்கும் அமுதா. அவங்க வந்து பாத்தா அங்க இருக்குது, அம்மா பாத்தா இங்க இருக்குது."

அமுதா சிரித்தாள். சிரிப்பில் அசதிதான் தெரிந்தது. "பேரு ரெண்டு எடத்துல இருக்கலாங்கா. எனக்கு ஒடம்பு ஒண்ணுதான? காலைல எங்க அம்மாவ யாரு எழுப்பி உக்கார வெக்கறது, அவருக்கு யாரு சோறு கட்டறது?"

நகல் எடுக்கப் போன விரலை எடுத்துக்கொண்டேன்.

கீழே தெருவில் டிராக்டர் ஒன்று வந்து நின்று அணைகிற சத்தம். அமுதா சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். "அவுருதான்" என்றாள்.

டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிற ஏழுமலை மாடியேறி வந்தான். கதவருகே செருப்பைக் கழற்றினான். அதே இடத்தில்தான் நின்றான், ஆனால் இந்தமுறை காலைப் பார்க்கவில்லை. அமுதாவைப் பார்த்தான். கிளியனூர் போனானாம், வீடு பூட்டியிருந்ததாம், பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

"அத்த கூட்டியாரச் சொன்னாங்களா?" என்று அமுதா கேட்டாள்.

"எங்கம்மா சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. இன்னிக்கு கூட்டிக்கினு வரலன்னா வூட்டுக்கு வராதன்னு சொல்லிட்டாங்க."

அஞ்சலை தடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் மருமகனிடம் நேராகப் பேச மாட்டார்கள், உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். கதவு மறைவில் நின்று மகள் மூலமாகத்தான் பேச்சு. இங்கே மறைய ஒரு கதவும் இல்லை. எழுந்திருக்க முடியாமல் மறுபடி நாற்காலியிலேயே விழுந்தார்.

"போவட்டும்னு சொல்லுடி" என்றார் மகளிடம், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு. "நான் எப்பிடியோ பாத்துக்கறேன்னு சொல்லு. அவருக்குக் கெட்ட பேரு வேணாம்."

ஏழுமலை மிஷின் பக்கத்தில் வந்தான். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இதுல எம்பேரு எதுங்க?"

காட்டினேன். வலப்பக்கம், அமுதாவுக்குக் கீழே.

"இவங்க வூடு எது?"

இடப்பக்கம் காட்டினேன். காலியாக இருந்தது. மேலே அஞ்சலை என்ற பெயர் மட்டும்.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வலப்பக்கத்தில் அவனுடைய அண்ணன் தம்பிகள் பெயர் நிறைந்திருந்ததை எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இது ஒருபக்கமாதான் போவுமா? பொண்ணு பேரு மட்டுந்தான் நவுருமா?"

"இல்லீங்க. எத வேணா எங்க வேணா நவுத்தலாம்."

"அப்ப ரெண்டு பேரையும் அங்க போடுங்க."

"எந்த ரெண்டு பேரு?" என்றார் டீச்சர்.

"என்னையும் அதையும்" என்றான். பெண்டாட்டி பெயரைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். "அங்க எங்கம்மாவுக்கு நாலு மருமவளுங்க இருக்காங்க. இங்க யாரு இருக்காங்க? டிராக்டரு எந்த ஊர்லயும் ஓடும்."

"மாமியா வூட்டோட போயிட்டான்னு ஊர்ல பேசுவாங்க" என்றாள் அமுதா மெதுவாக.

"பேசட்டும்."

வீட்டோடு மாப்பிள்ளை என்பது எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை கேட்கக்கூடாத வசவு. அதை இவன் தானாக, ஒரு ஆபீசில், மூன்றாம் மனுஷிகள் இரண்டு பேர் முன்னால் எடுத்து மாட்டிக்கொண்டான். எனக்குக் கண் மறைத்தது. பொத்தான் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பெயரையும் குறித்து, அழுத்தினேன். இடப்பக்கத்தில் அமுதா வந்தாள். அவளுக்குக் கீழே ஏழுமலை வந்தான்.

அவன் அம்மா ஒரு வருஷம் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பேரன் பிறந்ததும் வந்தார். வந்தவர், அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு, அந்த அறையில், திரையில் இரண்டு பெயர் வந்த பிறகு, அஞ்சலை முகத்தைச் சுவரிலிருந்து திருப்பினார். எந்த வரி மகள், எந்த வரி மருமகன் என்று என்னைக் கேட்டார். காட்டினேன். பிறகு தடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை நேராகப் பேசியிராத மருமகனை, மகள் மூலமாக இல்லாமல், நேராகப் பார்த்தார்.

"ராத்திரிக்கி வூட்ல கேப்பைக் களிதான் இருக்குது. சாப்புடுவியாப்பா?"

"சாப்புடுவன்மா" என்றான் ஏழுமலை.